வெள்ளிக்கிழமைக்காரர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பழைய பட்டறைகளுக்கு நடுவே எழுந்துள்ள கண்ணாடிக் கட்டடங்களில் பணிபுரியும் மென்பொருளாளர்களுள், செவ்வாய்க்கிழமை நண்பகலுக்குள் வேலையை முடித்துவிட்டு, அதை வெள்ளிக்கிழமை மாலையில் மட்டுமே அறிவிக்கும் ஓர் இனம் பெருகி வருகிறது. இவ்வினத்தாரை வெள்ளிக்கிழமைக்காரர் என அழைக்கலாம். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ மாதத் தவணையில் வாங்கிய வீடும், சி.டி.எச். சாலை நெரிசலில் பழகிய பொறுமையும் இவருடைய அசையாச் சொத்துகள்.

ஸ்பிரின்ட் எனப்படும் இருவாரத் தவணையில் செய்யவேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் அதன் கடினத்தைக் குறிக்கும் ஸ்டோரி பாயிண்ட் என்னும் மதிப்பெண் முன்கூட்டியே பேசி முடிக்கப்படுவதால், செயற்கை நுண்ணறிவுக் கருவி நிரலை நொடிகளில் எழுதித் தருகிறது என்ற செய்தி மேலாளரின் செவிக்கு எட்டினால் அடுத்த தவணையில் மதிப்பெண் பாதியாகும், வேலை இரட்டிப்பாகும் என்பதை இவர் நன்கறிவார். எனவே காலைதோறும் நின்றபடியே நடக்கும் ஸ்டாண்டப் கூட்டத்தில், முடிந்துபோன வேலையைப் பற்றி "ஒரு சின்ன டிபென்டன்ஸி இருக்கு சார்" என்று கவலை தோய்ந்த குரலில் கூறுகிறார். டிபென்டன்ஸி என்பது பிறர் முடித்துத் தரவேண்டிய வேலை. அந்தப் பிறர் யார் என்று எவரும் கேட்பதில்லை, கேட்பவருக்கும் அதே போன்றதொன்று கைவசம் உண்டு.

இக்கலை கணினியோடு பிறந்ததன்று. 1964இல் தொடங்கிய இத்தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளில் உருப்படிக் கூலிக்குக் கடைசல் பிடித்தவர்கள், முழு வேகத்தைக் காட்டினால் உருப்படிக்கான கூலி குறையும் என்றறிந்து கையை அளவோடு ஓட்டினர். தொழிலாளர் வேண்டுமென்றே மெதுவாக உழைப்பதற்கு இக்கூலிக் குறைப்பும் ஒரு காரணம் என்று அமெரிக்கப் பொறியாளர் ஃபிரடெரிக் டெய்லர் 1911இலேயே எழுதிவிட்டார். தந்தை லேத்தில் கற்றதை மகன் மடிக்கணினியில் செய்கிறார், அவ்வளவே. தந்தைக்குக் குளிரூட்டப்பட்ட அறை இல்லை.

இந்த ஒழுங்குக்கு ஊறு விளைவிப்பவர், செவ்வாயன்று முடித்ததைச் செவ்வாயன்றே சொல்லிவிடும் புதிய பணியாளர். அவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் செல்லும் மூத்தவர், "தம்பி, முடிஞ்சுதுன்னு சொல்லாத, முடியப்போகுதுன்னு சொல்லு" என்று உபதேசிக்கிறார். "பொய்தானே அண்ணா?" என்றால், "எஸ்டிமேட்டே அப்படித்தான்டா" என்று விடை வருகிறது.

மேலாளரும் சும்மா இருப்பதில்லை. கோபைலட் என்னும் கருவியைப் பயன்படுத்தியவர்கள் ஒரு சிறு நிரல் வேலையை ஏறத்தாழ 56 விழுக்காடு குறைந்த நேரத்தில் முடித்தனர் என்ற 2023ஆம் ஆண்டுச் சோதனையைத் திரையில் காட்டும் அவர், அச்சோதனை நடந்தது புத்தம்புதிய நிரலில் என்பதையும், தம் குழுவினர் மேய்ப்பது எழுதியவர் பெயரே மறந்துபோன பழைய நிரலை என்பதையும் சொல்லாமல் கடந்துவிடுகிறார். கருவிக்கான சந்தா வீணாகக்கூடாது என்பதற்காக, யார் எத்தனை முறை பயன்படுத்தினார் என்று காட்டும் பலகையும் வந்துவிட்டது. ஆகவே, கருவியை ஓயாமல் பயன்படுத்தியும் வேகம் அவ்வளவாகக் கூடாதவர் என்னும் தோற்றத்தை வெள்ளிக்கிழமைக்காரர் மிகுந்த சாமர்த்தியத்தோடு உருவாக்கிக்கொள்கிறார்.

எம்.இ.டி.ஆர். என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2025இல், தமக்கு நன்கு பழகிய நிரல்தொகுப்புகளில் உழைக்கும் 16 வல்லுநர்களின் 246 வேலைகளைச் சோதித்துப் பார்த்தபோது, கருவியால் 20 விழுக்காடு வேகம் கூடியதாக அவர்கள் நம்பினார்களே தவிர, கடிகாரப்படி அவர்களுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரமே பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமைக்காரர் இவ்வாய்வைப் படித்ததில்லை. படிக்க அவருக்கு நேரமில்லை. செவ்வாயன்று கருவி எழுதித் தந்த, கிட்டத்தட்டச் சரியான நிரலில் அந்தக் 'கிட்டத்தட்ட' எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதிலேயே, ஒளித்துவைத்த புதனும் வியாழனும் அவருக்குக் கழிந்துவிடுகின்றன.