எழுதாத காவியத்துக்கு இழைத்த துரோகம்
அமெரிக்காவின் ஞாயிறு இரவு நமக்குத் திங்கள் காலை ஆறரை மணியாக விடிவதால், 2019 கோடையில் ஹைதராபாத் மாதாப்பூரின் மென்பொருள் சேவகர்கள் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தரிசனத்தைப் பல் துலக்குமுன்பே முடித்துக்கொண்டு, சைபர் டவர்ஸ் பக்கம் இரானி டீயில் உஸ்மானியா பிஸ்கட்டை நனைத்தபடி, மூல நாவல்களின் ஆசிரியர் ஜார்ஜ் மார்ட்டின் இன்னும் எழுதி வெளியிடாத அத்தியாயங்களுக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் இழைத்த துரோகத்தை மகா உக்கிரமாகக் கண்டித்தார்கள். ஐந்தாம் நாவல் வந்தது 2011இல். ஆறாவது இன்னும் வரவில்லை. தெலுங்கு தேசத்துக்கு இது புதிதா என்ன? நன்னயர் 11ஆம் நூற்றாண்டில் ஆரணிய பர்வத்தின் நடுவே விட்டுச்சென்ற மகாபாரதத்தை, 13ஆம் நூற்றாண்டில் திக்கனர் விராட பர்வத்திலிருந்து பாடி முடிக்க, நடுவிலிருந்த பள்ளத்தை எர்ரனர் 14ஆம் நூற்றாண்டில்தான் நிரப்பினார். அந்தக் கணக்குப்படி மார்ட்டினுக்கு அவகாசம் ஏராளம். தம் சொந்த புராஜெக்டை மும்முறை ஒத்திவைத்த மேலாளர் ஒருவர் மட்டும் அதற்குச் சம்மதிக்கவில்லை.