ஒற்றை ஆளுக்கு உகந்த படகு

பழைய பாய்மரப் படகுக்கு விற்பனை விளம்பரம் எழுதுகிறவர்களின் கையெழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். தெற்கு இங்கிலாந்தில், ஹாம்பிள் ஆற்றங்கரையிலும் லிமிங்டன் துறையிலும், 1970களில் வார்த்த கண்ணாடியிழைப் படகுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. முப்பதடி நீளம், ஐம்பது வயது. ‘ஒருவரே செலுத்த உகந்தது’ என்று மூன்றே சொற்களை எழுதினால் போதும், அந்த வயது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. வாங்க வந்தவர் படகைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தன்னைப் பார்க்கத் தொடங்குகிறார்: நடுக்கடலில், தன்னந்தனியாக, யார் தயவும் இல்லாமல். ஒரு பொய்கூடச் சொல்லாமல் இதைச் சாதிக்கிறார்கள். காற்று மெல்ல வீசும் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் எந்தப் படகையும் ஒருவரே செலுத்திவிடலாம்தானே.

கயிறுகளை முதலில் போற்றுகிறேன். பாயை ஏற்றும் கயிறு, இறக்கும் கயிறு, சுருக்கும் கயிறு எல்லாம் பாய்மரத்தடியிலிருந்து கப்பிகள் வழியே ஓடி, சுக்கான் பிடிப்பவர் உட்காரும் இடத்துக்கே வந்து சேர்கின்றன. எழுந்து முன்னே போகவே வேண்டாம் என்கிறது விளம்பரம். உண்மை. முந்தைய உரிமையாளர் வெகுகாலமாகப் போகவே இல்லை என்பதற்கு, உப்பேறி இறுகிய கப்பிகளே சாட்சி. கயிறு திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் உராய்வு கூடுகிறது. இளங்காற்றில் அது கைக்குத் தெரியாது. காற்று 30 நாட் வேகத்துக்கு ஏறிய இரவில், முன்பாயைச் சுருட்டும் உருளையில் கயிறு ஒன்றன்மேல் ஒன்றேறிச் சிக்கும்போது தெரியும். எழுந்து போகவே வேண்டாத அந்த மனிதர் அப்போது நனைந்த தளத்தில் தவழ்ந்து முன்னே போவார். தளத்தில் நடந்து பழகாதவருக்கு அதைப் பழகிக்கொள்ள இப்படியொரு வேளையைத் தேடிக் கொடுக்கிற படகு எளிதில் கிடைக்காது.

அடுத்து மின்சாரத் தானோட்டி. திசையைக் குறித்துப் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போடப் போகலாம். இந்த மாலுமிக்குச் சம்பளம் இல்லை, சாப்பாடு இல்லை, முணுமுணுப்பும் இல்லை. மின்சாரம் மட்டும் வேண்டும். மின்சாரத்துக்கு பேட்டரி வேண்டும், பேட்டரிக்கு எஞ்சின் வேண்டும், எஞ்சினுக்குச் சுத்தமான டீசல் வேண்டும், டீசல் சுத்தமாக இருக்கத் தொட்டியின் அடியில் படிந்த கசடு கலங்காத கடல் வேண்டும். இத்தனை பேரின் தயவில் நடக்கும் பயணத்தை ‘ஒருவரே’ என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் பண்பு பெரிது. அலை எழ எழத் தானோட்டி கூடுதலாக உழைக்கிறது, கூடுதலாக மின்சாரம் குடிக்கிறது. அமைதியான கடலில் அலுக்காமல் உழைத்துவிட்டு, கை ஓய்ந்த மனிதருக்கு அது உண்மையில் தேவைப்படும் நேரத்தில் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறது.

ஜோஷுவா ஸ்லோகமுக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. மாசசூசெட்ஸின் ஃபேர்ஹேவனில், ஈபன் பியர்ஸ் என்ற ஓய்வுபெற்ற திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர் அவருக்கு ஒரு பழைய படகைக் கொடுத்தார். சிப்பி வாருவதற்குப் பயன்பட்டு, பிறகு வயலில் முட்டுக்கொடுத்து நிறுத்திய படகு. பழுதுபார்க்க வேண்டியிருக்கும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்; காசும் வாங்கவில்லை. விற்பனைக் கலை அறியாத மனிதர். ஸ்லோகம் 13 மாதம் உழைத்து, 553 டாலர் 62 சென்ட் செலவழித்து, ஸ்ப்ரே என்ற அந்தப் படகைக் கிட்டத்தட்ட அடியிலிருந்து புதிதாகக் கட்டினார். அதனால் அதன் ஒவ்வொரு பலகையும் ஆணியும் அவருக்குத் தெரிந்துபோயிற்று. 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து கிளம்பியவர் 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் வந்து சேர்ந்தபோது, தனியாகப் பாய்விரித்து உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஆனார். தர்ஸ்டே தீவிலிருந்து கோகோஸ் கீலிங் தீவுகள் வரை 2,700 மைல், 23 நாள். அத்தனை நாளிலும் அவர் சுக்கான் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை. பாய்களைச் சரிபார்த்துச் சுக்கானைக் கட்டிவிட்டால் ஸ்ப்ரே தானாகவே திசை மாறாமல் போகும்.

இன்றைய விளம்பரம் தானோட்டியின் மாடல் எண்ணைத் தவறாமல் தருகிறது. பாயும் உடலும் சுக்கானும் ஒன்றுக்கொன்று இசைந்து, கை எடுத்த பிறகும் வழி தவறாமல் நிற்கும் குணம் இந்தப் படகுக்கு உண்டா என்பதை மட்டும் விட்டுவிடுகிறது. தனியாகப் போகிறவருக்கு நடுக்கடலில் கண்டுபிடிக்க ஏதேனும் மீதம் வைக்கும் பெருந்தன்மை இது.

1960இல் தனியாள் அட்லாண்டிக் போட்டியை முதன்முதலாக நடத்தவைத்த பிளாண்டி ஹாஸ்லரிடம் இந்தப் பெருந்தன்மை இல்லை. தன்னுடைய 25 அடிப் படகான ஜெஸ்டரில் எல்லாவற்றையும் கரையிலேயே கண்டுபிடித்துவிட்டார். சீனப் பாணிப் பாய், காற்றே சுக்கானைத் திருப்ப ஒரு காற்றுத்தகடு, தளத்தின் நடுவில் ஒரு வட்டத் திறப்பு. அந்தத் திறப்பில் நின்றபடியே பாயை ஏற்றலாம், சுருக்கலாம். ஒரு மனிதரின் கை எதுவரை எட்டும் என்று அளந்து படகை அதற்கேற்ப மாற்றியவர், 48 நாளில் நியூயார்க் சேர்ந்தார். ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் புதுப்படகுக்குப் பணம் திரட்ட முடியாமல், பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடி சுஹைலியிலேயே 1968இல் தனியாக உலகைச் சுற்றக் கிளம்பினார். அவருடைய காற்றுத்தகடு வழியிலேயே உடைந்துபோனது. பாய்களைச் சமன்செய்து ஓட்டி, 312ஆம் நாள், 1969 ஏப்ரல் 22 அன்று, ஃபால்மத் திரும்பினார். உடையக்கூடியது உடைந்த பிறகும் கொண்டுவந்து சேர்த்த படகு அது. நம் விளம்பரத்தில் உடையக்கூடியவற்றின் பட்டியல் மட்டுமே ஒரு பக்கத்துக்கு வருகிறது.

உடலின் பளபளப்பைச் சொல்லாமல் விட்டால் பாவம். மெழுகு தேய்த்த பக்கங்களில் முகம் பார்க்கலாம். தொண்டைமானின் படைக்கொட்டிலில், போருக்கே போகாத ஆயுதங்களில் ஔவையார் பார்த்துப் புகழ்ந்த மினுமினுப்பு இதுதான். நீருக்குக் கீழே கண்ணாடியிழைக்குள் ஈரம் ஊறிக் கொப்புளம் கட்டியிருக்கலாம். நீரில் மிதக்கும்போது அது கண்ணை உறுத்தாது. அடித்தளத் துளைகளில் பித்தளை வால்வு இருந்தால், கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தை மெல்ல உறிஞ்சி, கையால் தட்டினாலே நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். நேற்று வரை ஒழுகவில்லையே என்று அதையும் வாழ்த்தலாம். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் வெளியே வெள்ளியாய் மின்னும். அவை தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கிப் பிணையும் பட்டைகள் அரிப்பதோ கண் படாத இடத்தில். படகின் அடியிலுள்ள கீல் எத்தனை முறை தரைதட்டியது என்பதையும் விளம்பரம் நாகரிகமாக மறந்துவிடுகிறது. 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ராஃபிக்கி என்ற 40 அடிப் படகின் கீல் கழன்று நான்கு பேர் இறந்தார்கள். முன்பு தரைதட்டியதும் பழுதுபார்த்ததும் கீலின் பிணைப்பைத் தளர்த்தியிருக்கலாம் என்றது விசாரணை. அதில் நான்கு பேர் இருந்தார்கள். நாம் பேசுவது ஒருவரைப் பற்றி.

அந்த ஒருவருக்காக அறைக்குள் ஆறு படுக்கைகள் இருக்கின்றன. ஒருவரே செலுத்தலாம், ஆறு பேர் உறங்கலாம் என்று ஒரே மூச்சில் சொல்லும் தாராளம்! படகு பக்கவாட்டில் சாய்ந்து ஓடும்போது, உறங்குகிறவர் உருண்டு விழாமல் தாங்க ஓரத்தில் துணி கட்டிய ஒரே ஒரு குறுகிய படுக்கைதான் அவருக்கு வேண்டும். அது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். இருந்தாலும் அதில் அவர் நெடுநேரம் உறங்க முடியாது. அடிவானத்தில் தெரியும் சரக்குக் கப்பல் கால்மணி நேரத்தில் தலைக்குமேல் வந்து நிற்கும். கப்பல்கள் மோதாமல் தடுக்கும் 1972ஆம் ஆண்டு சர்வதேச விதிகளின் ஐந்தாம் விதி, எந்நேரமும் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்கிறது. தனியாள் கண் மூடிய நொடியே அந்த விதியை மீறுகிறார். இருபது நிமிடத் தூக்கம், எழுந்து பார்த்தல், மீண்டும் இருபது நிமிடம் என்று வாரக்கணக்கில் வாழப்போகிறவரிடம், மெத்தை உறைகள் புதியவை என்று விற்பவர் சொல்கிறார். புதியவைதான், தொட்டுப் பார்த்தால் தெரியும்.

எல்லாவற்றையும்விட இந்தப் படகின் விசுவாசம் உயர்ந்தது. தானோட்டி ஒழுங்காக வேலை செய்தால், திசையை விட்டு இம்மியும் விலகாது. செலுத்தியவர் தவறிக் கடலில் விழுந்தாலும் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கும். 1990இல் அட்லாண்டிக் தனியாள் போட்டியான ரூட் டு ரம்மை வென்ற ஃப்ளோரன்ஸ் ஆர்த்தோ, 2011 அக்டோபரில் ஓர் இரவு கோர்சிகாவின் வடமுனைக்கு அப்பால் தனியாகப் போகையில் கடலில் விழுந்தார். படகு தன் வழியே போய்விட்டது. நெற்றியில் ஒரு விளக்கும், தண்ணீர் புகாத கைபேசியும், அதற்குச் சிக்னலும் இருந்ததால் தாயை அழைத்தார், பிழைத்தார். அவ்வளவு தேர்ந்தவருக்கே அந்த மூன்றும் ஒன்றுசேர வேண்டியிருந்தது. நம் விளம்பரப் படகில் பின்பக்கத்தில் ஏணி உண்டு. படத்தில் அழகாகத் தெரிகிறது. மடித்து, மேலே கயிற்றால் இறுகக் கட்டியிருக்கிறது. படகில் நிற்கிறவர் நினைத்தபோது எட்டிப் பிடிக்கலாம், தண்ணீரில் இருப்பவருக்கு எட்டாது. இடுப்புப் பட்டையைக் கொக்கியால் மாட்டிக்கொண்டு நடக்கத் தளத்தின் நீளத்துக்கு ஓடும் நாடா இருக்கிறதா என்றால், அதற்கு இடம் போதவில்லை. ஒலிபெருக்கிகளின் பெயரை எழுதியாயிற்று.

இப்படிப்பட்ட படகை ஏன் விற்கிறார்கள்? ‘சூழ்நிலை மாறியதால்.’ இந்தச் சொல்லுக்கும் என் வணக்கம். இன்று விற்கிறவரும் ஒரு காலத்தில் அதே மூன்று சொற்களை நம்பி வாங்கியவராக இருப்பார். ஒருமுறையோ இருமுறையோ தனியாகப் போய், எதையோ கண்டு, கரைக்குத் திரும்பி, அதை யாரிடமும் சொல்லாமல் அதே சொற்களை அடுத்தவருக்கு விற்கிறார். பெரும்பாலும் வாங்க வருகிறவர் பணி ஓய்வுப் பணத்தோடு வருகிறார், ஒரு வாழ்நாள் ஆசையோடு வருகிறார். துணைக்கு ஆள் இருக்கும் படகில் ஒருவர் காணாததை இன்னொருவர் காண்பார். தனியாகப் போகிறவருக்கு அந்த இரண்டாவது கண் விற்பவரின் நேர்மை மட்டுமே. கண்டதை மறைத்து விற்கிற திறமையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அந்தத் திறமையால் ஒரு மனிதரைக் கடல் கொள்ள முடியும்.

அதனால், வாங்க நினைக்கிற நண்பரே, விற்பவர் பரிந்துரைக்காத ஒரு படகு ஆய்வாளரை நீங்களே அமர்த்துங்கள். படகை நீரிலிருந்து தூக்கி, அடிப்பாகத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நல்ல காற்றுள்ள ஒரு நாளில் விற்பவரோடு கடலுக்குப் போங்கள். எஞ்சினையும் தானோட்டியையும் அணைத்து, பாய்களைச் சரிசெய்து, சுக்கானைக் கட்டிவிட்டு, அவரைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். படகு எவ்வளவு நேரம் தன் வழியில் நிற்கிறது என்று பாருங்கள். அவர் கைகொடுக்காமல் நீங்களே பாயைச் சுருக்குங்கள், நீங்களே துறைக்குக் கொண்டுவந்து கட்டுங்கள். இதற்கு அவர் ஒப்பாவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.