பிள்ளையாரைக் கழட்டு மாப்ளே!

மாப்ளே, மொதல்ல கண்ணாடியில இருக்கிற அந்தப் பிள்ளையார் ஸ்டிக்கரைக் கழட்டு. பக்தியில ஒட்டுனேன்னு எங்கிட்டயே சொல்றியா? பக்தியில ஒட்டுறவன் நடுவுல, நேரா ஒட்டுவான். நீ இடதுபக்கம், வைப்பர் முடியிற எடத்துல, கோணலா, அவசரத்துல ஒட்டியிருக்கே. பிள்ளையாரு விக்கினத்தைத் தீர்ப்பாரு. விக்கினத்து மேலயே உக்காந்து மூடி வைக்கிற வேலையை அவருக்கு இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல.

ஆங், இப்பத் தெரியுது, கல்லடிப் புள்ளி. ஒத்த ரூபாய்க் காசை வச்சா மறைஞ்சிரும். இதுக்குத்தான் ரெண்டு வாரமா உங்கப்பன் கண்ணுல வண்டியைக் காட்டாம புளியந்தோப்புல நிறுத்துறியா?

எங்க விழுந்துச்சு? கீரனூரு தாண்டி, நார்த்தாமலைக்கு அங்கிட்டே, முன்னாடி போன டிப்பரு. அதானே பார்த்தேன். கல்லுக்குப் பேர்போன மாவட்டத்துல காரை ஓட்டிக்கிட்டு வந்து, கண்ணாடியில கல்லு விழுந்துருச்சுன்னு அதிசயமாச் சொல்ற ஒரே ஆளு நீதான். குளத்தூரு, இலுப்பூரு, திருமயம்னு எங்கிட்டுத் திரும்புனாலும் குவாரி, அதை ஒட்டி ஒரு கிரஷரு, அதுலேருந்து ராத்திரி பகல்னு பார்க்காம வண்டிங்க. உன் மேல விழுந்தது முக்கா ஜல்லியா, பேபி ஜல்லியா? பார்க்கலியா? எப்படிப் பார்ப்பே, நீதான் நியாயம் கேக்க அந்த டிப்பரைத் துரத்திக்கிட்டுப் போனியாமே! ஒரு கல்லு எறிஞ்சவன் பின்னாடியே, இன்னும் நாலு கல்லு எறியட்டும்னு ஒட்டிக்கிட்டே போன வீரன் எங்க வம்சத்துல பொறந்திருக்கானேன்னு நெனைச்சா மாமனுக்கு நெஞ்சு விம்முதுடா.

இதையும் தெரிஞ்சுக்க. கல்லு மேலேயிருந்து கொட்டுறது ஒரு ரகம். தார்ப்பாய் போடாம, பாரம் விளிம்புக்கு மேல குவிஞ்சு போற வண்டி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பிடி தூவிக்கிட்டே போகும். இன்னொரு ரகம் டயர்லேருந்து வரும். பின்னாடி ரெட்டை டயரு இருக்குல்ல, அதுக்கு நடுவுல கல்லு சிக்கிக்கும். வேகம் பிடிச்சதும் சுத்துற சுத்துல பிச்சுக்கிட்டு வரும். அது காலி வண்டியாக்கூட இருக்கலாம். கல்லு சும்மா வரல, நீயும் அதை நோக்கிப் போய்க்கிட்டிருக்கே. வேகம் ரெட்டிப்பானா அடியும் ரெட்டிப்பாகும்னு நெனைக்காதே, நாலு மடங்காகும். நீ தொண்ணூறுல போனேங்கறதை உங்கப்பன்கிட்டச் சொல்லாம இருக்க எனக்கு என்னா குடுப்பே?

சரி, இனிமே என்னா செய்யணும்னுதானே கேக்குறே. ஒண்ணும் செய்யாதே மாப்ளே. இவ்வளவு நாளா என்னா செஞ்சியோ அதையே செய்யி. அந்தப் புள்ளி ஒரு முழத்துக்கு ஓடணும்னு உனக்கு ஆசை இருக்குன்னு தெரியுது, அதுக்கு வழி சொல்றேன் கேட்டுக்க. கத்திரி வெயில்ல, மத்தியானம் ஒரு மணிக்கு, நெழலே இல்லாத எடமாப் பார்த்து வண்டியை நிறுத்து. கண்ணாடி தோசைக்கல்லாட்டம் காயட்டும். அப்புறம் வந்து ஏ.சி.யை முழுசாத் திருப்பி, காத்தை நேரா கண்ணாடி மேல விடு. வெளிப்பக்கம் கொதிக்கும், உள்பக்கம் சுருங்கும், நடுவுல மாட்டுன கண்ணாடி தன்னாலயே பேசும். அதுக்கும் அசையலேன்னா கிணத்துத் தண்ணி ஒரு வாளி மொண்டு முன்னாடி ஊத்து. நாலு கதவுக் கண்ணாடியையும் ஏத்திவிட்டு, உங்க அக்காகிட்டச் சண்டை போட்ட கோவத்தோட கதவை ஓங்கி அடை. உள்ள இருக்கிற காத்துக்குப் போக்கிடம் ஏது? கண்ணாடியைத்தான் போய் முட்டும். கடைசியா நம்ம ஊரு வேகத்தடை இருக்கவே இருக்கு, பஞ்சாயத்துல போட்டதா, யாராவது செத்து சமாதி கட்டுனதான்னு தெரியாத உசரத்துல. அதுல குறைக்காம ஒரு ஏத்து ஏத்து. சாயங்காலத்துக்குள்ள கோடு இந்தப் பக்கத்து பீடிங்லேருந்து அந்தப் பக்கத்து பீடிங் வரைக்கும் போயிரும். அப்ப உன் பிள்ளையாரு பத்தாது, அறுபத்துமூவரையும் வரிசையா ஒட்டணும்.

சிரிக்கிறே. இப்ப நெசமாச் சொல்றதைக் கேளு.

முன் கண்ணாடி ஒத்தக் கண்ணாடி இல்ல. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பி.வி.பி.ன்னு ஒரு பிளாஸ்டிக் தாளு வச்சு ஒட்டுனது. பிரான்ஸ் நாட்டுல எதுவார் பெனடிக்டஸ்னு ஒரு வேதியியல்காரரு 1903ல கைதவறி ஒரு குடுவையைப் போட்டாரு. குடுவை விரிசல் விட்டுச்சே தவிர, சிதறல. உள்ள காஞ்சு ஒட்டியிருந்த ஒரு படலம் சில்லையெல்லாம் பிடிச்சு வச்சுக்கிச்சாம். அதை வச்சு 1909ல காப்புரிமை வாங்குனாரு. ஒருத்தரு கைதவறுனது உலகத்துக்கே உபயோகமாச்சு, நீயும்தான் தவறுறே, என்னாத்துக்கு ஆச்சு? இதையெல்லாம் எனக்குப் பேத்திதான் படிச்சுச் சொன்னா. ஆனா நான் லாரி ஓட்டுன காலத்துக் கண்ணாடி எனக்கு அவ சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. ஒரு கல்லு பட்டா மொத்தமும் கற்கண்டா நொறுங்கி மடியில கொட்டும். அப்புறம் ஊரு வந்து சேர்ற வரைக்கும் காத்தும் பூச்சியும் மூஞ்சியிலதான். 1989ல வந்த மத்திய மோட்டார் வாகன விதியில, நூறாவது விதியில முன்னாடி ஒட்டுக் கண்ணாடிதான் இருக்கணும்னு கொண்டுவந்தாங்க. அதனாலதான் உன் மூஞ்சி இன்னும் பொண்ணு பார்க்கப் போற லெட்சணத்துல இருக்கு.

உன் கண்ணாடியில அடிபட்டது வெளித்தட்டு மட்டும்தான். உள்ளேயிருந்து நகத்தால தடவிப் பாரு, வழவழன்னு இருந்தாப் பொழைச்சே. காசு அளவுக்குள்ள இருக்கு, ஓட்டுறவன் பார்வைக்கு நேரா இல்ல, ஓரத்தை ஒட்டியும் இல்ல. இது அடைக்கிற சாதி. திருச்சியில கண்ணாடிக்கடைக்காரங்க செய்றாங்க. புள்ளி மேல ஒரு சின்னக் குழாயைப் பதிய வச்சு, உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, ரெசினை இறக்கி, யூ.வி. லைட்டைக் காட்டி இறுக வச்சு, பிளேடால வழிச்சு விட்ருவான். நீ டீ குடிச்சு, பேப்பரு படிச்சு முடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். உத்துப் பார்த்தா ஒரு மங்கல் தெரியும், அதுக்காக அவன்கிட்ட மல்லுக்கட்டாதே. கண்ணாடியைப் புதுசாக்குறது அவன் வேலை இல்ல, விரிசலை ஓடவிடாமப் பிடிக்கிறதுதான்.

அங்க போற வரைக்கும் மேல ஒரு துண்டு செலோ டேப்பு ஒட்டு, தூசியும் தண்ணியும் உள்ள போகாம. ஈரமும் அழுக்கும் இறங்கிட்டா ரெசின் சரியாப் பிடிக்காது. ஃபெவிகுவிக்கை ஊத்தி நானே அடைச்சிட்டேன்னு எவனாவது சொன்னா நம்பாதே. அதை ஊத்துனவன் அப்புறம் கடைக்குப் போனா, அங்க கையை விரிச்சிருவாங்க. அந்த எலுமிச்சம்பழத்தையும் எடுத்துப் போடு. சாறு பிழிஞ்சு தேய்க்கிற யோசனை உங்க சித்தப்பன் குடுத்ததுதானே? அவன் டிராக்டருக்குக் கண்ணாடியே கெடையாது.

இன்சூரன்ஸ்ல கேட்டு வாங்கிரலாம்னு கணக்குப் போட்டுருப்பே. உன் வண்டிக்கு மூணாம் நபர் பாலிசி மட்டும்தான்னா அந்தப் பேச்சே கெடையாது. முழு பாலிசின்னா கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்கமாட்டான், அது நல்ல விஷயம்தான். ஆனா விரலை மடக்கு. முழுக் கண்ணாடியே மாத்த 7,000 ரூபாய்னு வச்சுக்க. சின்ன வண்டிக்குக் கட்டாயக் கழிவு 1,000. உன் கைக்கு வர்றது 6,000. நீ அஞ்சு வருசமா எதுவும் கேக்காம 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் சேர்த்து வச்சிருக்கே. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000ன்னா, வருசா வருசம் 4,000 மிச்சம். இப்பக் கேட்டா போனஸ் பூஜ்யத்துக்கு வரும். அப்புறம் 20, 25, 35, 45ன்னு படிப்படியா ஏறி மறுபடி 50க்கு வர்றதுக்குள்ள நீ விட்டது கூட்டிப் பார்த்தா 10,000 ரூபாய். ஆறாயிரத்தை வாங்கிக்கிட்டு பத்தாயிரத்தைக் குடுத்துட்டு, சர்வேயருக்குக் காப்பி வேற வாங்கிக் குடுப்பே. போனஸைக் காப்பாத்துற கூடுதல் பாலிசி எடுத்திருந்தா கதை வேற. சின்னப் புள்ளி அடைக்கிறதைக் கிளெய்ம் கணக்குல சேர்க்காத கம்பெனியும் உண்டு. பாலிசிக் காகிதத்தைப் படி. கல்யாணப் பத்திரிகையில உன் பேரு எத்தனாவது வரியில இருக்குன்னு தேடுறியே, அந்தச் சிரத்தையில பாதி போதும்.

சோம்பேறித்தனத்துல விட்டு, அது ஓடி, முழுசா மாத்த வேண்டியதாப் போச்சுன்னா, ஒட்டுன பசை இறுகுறதுக்குள்ள வண்டியை எடுக்காதே. எவ்வளவு நேரம்னு ஒட்டுனவனையே கேளு. பக்கத்து சீட்டு ஏர்பேகு விரியிறப்போ அந்தக் கண்ணாடியில சாஞ்சுதான் நிக்கும். பசை காயாம கெளம்புனா பையும் போயிரும், கண்ணாடியும் போயிரும். கண்ணாடிக்குப் பின்னாடி கேமரா வச்ச வண்டின்னா அதையும் திரும்ப ஒழுங்குபடுத்தச் சொல்லணும்.

உனக்கு ஏன் இவ்வளவு சொல்றேன்னா, விரிசல் எப்படி ஓடும்னு இந்தச் சீமையில பொறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. நம்ம தாத்தன் காலத்துக் கல்லுத்தச்சன் பாறையில வரிசையாக் குழி போட்டு, ஆப்பு வச்சுத் தட்டிட்டு வெத்தலை போட உக்காந்துருவான். அப்புறம் பாறையே தன் கோட்டைத் தேடிக்கிட்டுப் பொளக்கும். அப்படிப் பொளந்து, குடைஞ்சுதான் சித்தன்னவாசல்லயும் குன்னாண்டார்கோயில்லயும் மலையடிப்பட்டியிலயும் மலைக்குள்ள கோயிலைக் கண்டாங்க. இப்ப அதே மலையை யூனிட்டு யூனிட்டா அளந்து வித்துக்கிட்டிருக்கோம்.

இதுல ஒண்ணு மட்டும் கேலி இல்லாமச் சொல்றேன். 2025 ஜனவரி 17ஆம் தேதி, திருமயம் பக்கத்துல ஜகபர் அலின்னு ஒருத்தரு. சட்டத்துக்குப் புறம்பா நடக்கிற குவாரிங்களைப் பத்தி மனு மேல மனு குடுத்துக்கிட்டிருந்தவரு. டூவீலர்ல போறப்ப லாரி மோதிச் செத்தாரு. மொதல்ல விபத்துன்னாங்க. அப்புறம் அது கொலை வழக்காகி, குவாரிக்காரங்க கைதாகி, சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போச்சு. அதனால நீ டிப்பரை நடுரோட்டுல மறிச்சு நிறுத்தி மீசையை முறுக்குற வேலையெல்லாம் வேணாம். நம்பரைக் குறிச்சுக்க. தார்ப்பாய் இல்லாமப் போனான், ஏத்துனது அதிகம்னு எழுதி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல குடு. கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதுக்கு மேல டன்னுக்கு 2,000ன்னு சட்டத்துல இருக்கு. வாங்குறாங்களான்னு என்னைக் கேக்காதே, டீக்கடையில கேளு.

வண்டி ஓட்டறப்ப ஒரு பழக்கம் வச்சுக்க. முன்னாடி போற டிப்பரு ஒரு புளியமரத்தைத் தாண்டுனதும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நிதானமா எண்ணு. முடிக்கிறதுக்குள்ள நீ அந்த மரத்துக்கு வந்துட்டா ரொம்ப ஒட்டிப் போறேன்னு அர்த்தம். ஜல்லி வண்டின்னா இன்னும் ரெண்டு சேர்த்து எண்ணு. தாண்டுறதா இருந்தா ரோடு காலியா இருக்கப்ப சட்டுனு தாண்டு, பக்கத்துலயே ஊர்வலம் போகாதே.

நாளைக்கு வெயிலுக்கு முந்தி திருச்சிக்குக் கெளம்பு. போறப்ப உங்க அத்தையையும் கூட்டிக்கிட்டுப் போ, அவளுக்கும் கண்ணாடி மாத்தணும், ஊசியில நூல் கோக்க முடியலேன்னு ஆறு மாசமா எங்கிட்டப் பொலம்புறா. முன் சீட்டுல உக்கார வையி. டிப்பரு அரை மைலுக்கு முன்னாடி போனாலே "தள்ளிப் போடா தம்பி, தள்ளிப் போ"ன்னு கத்துவா. டீசல் காசை அவகிட்டக் கேட்டுறாதே.