நாலு செகண்டு ஞானி

காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியலுக்கு முந்தைய ஏலம் கொஞ்சம் மூச்சு வாங்குகிற நேரம். ஏலம் கூவுகிற பெரிமா ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறார். திருவொற்றியூரிலிருந்து வந்திருக்கும் தங்கச்சி மகன் கையில் ஒரு நோட்டு, காலடியில் ஒரு கூடை சங்கரா. காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை எல்லாம் 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டு மூடியதிலிருந்து தம்பிக்கு வேலை இல்லை. வேலை அதற்கு முன்பும் இல்லை.

பெரிமா: இன்னாடா நோட்டு அது? கடன் கணக்கா?

தம்பி: எதிராளிங்க கணக்கு பெரிமா. போக்கர்ல ஒவ்வொருத்தனும் பந்தயம் கட்ட எத்தனை செகண்டு எடுத்துக்கிறான்னு எழுதி வெச்சிருக்கேன். அதை வெச்சே கையில என்ன சீட்டுன்னு சொல்லிடுவேன்.

பெரிமா: அவனுங்க மூஞ்சிய பாத்துக்கிறியா?

தம்பி: மூஞ்சி எதுக்கு? ஒரு வட்டத்துல சிங்கம் படம் போட்டிருப்பான். கீழ கடிகாரம் ஓடும், அது போதும். நான் ஆடினது லிமிட் ஆட்டம். இஷ்டத்துக்கு அள்ளிக் கொட்ட முடியாது. பத்து-இருபது மேசைன்னா முதல் ரெண்டு சுத்துல பந்தயம் பத்து ரூபா, அடுத்த ரெண்டுல இருபது ரூபா. ஏத்தினாலும் அதே அளவுதான் ஏத்தணும். எவ்ளோ கட்டுறான்னு பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. எவ்ளோ நேரத்துல கட்டுறான்? அதுலதான் மேட்டரே இருக்கு.

பெரிமா: ம். இது கொஞ்சம் புத்தியா கீது. மேல சொல்லு.

தம்பி: கேட்டதும் டக்குனு கட்டினா, இன்னும் ஒரு சீட்டுக்குக் காத்திருக்கான், இல்லை நடுத்தரக் கை. பந்தயம் கட்டாம டக்குனு ‘செக்’ சொன்னா ஒண்ணும் இல்லை. யோசிக்கிற மாதிரி இழுத்து, பெருமூச்சு விடுற நேரம் கழிச்சு ஏத்தினான்னா உஷாராயிடணும், உள்ள பெரிய கை. அமெரிக்காவுல மைக் காரோன்னு ஒருத்தர் இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணி புக்கே போட்டிருக்கார். பலவீனமா நடிக்கிறவன் பலமா இருக்கான்.

பெரிமா: அந்த ஆளு மூஞ்சிய பாத்து எய்தினாரா, கடிகாரத்த பாத்தா?

தம்பி: ...அதிகமா மூஞ்சியைத்தான்.

பெரிமா: செரி. எண்ணூர்க்காரன் ஒர்த்தன் உன்னோட ஆடறான்னு வை. அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்துலயே குந்திக்கினு சாம்பல துன்றான், அவன் வூட்டுல கரண்டு போயிடுச்சு. ஒம்போது செகண்டு கய்ச்சு வர்றான். நீ இன்னா எய்துவ? பெரிய கையின்னா?

தம்பி: நெட் பிரச்சினைன்னா நமக்கே தெரிஞ்சிடும்.

பெரிமா: எப்டி?

தம்பி: ஒரு மாதிரி தெரியும். (நோட்டைப் புரட்டுகிறான்.) இதோ, ஒருத்தன். எப்பவும் ஒன்பது செகண்டு எடுப்பான். நடிக்கிறான்னு எழுதி வெச்சேன். அப்புறம் பார்த்தா ஒரே நேரத்துல நாலு மேசையில ஆடிக்கிட்டிருந்தான். இன்னொருத்தன் குழந்தைக்குச் சோறு ஊட்டுறேன்னு சாட்ல போட்டான். நான் நம்பலை.

பெரிமா: கொயந்த நம்பிச்சா?

தம்பி: கிண்டல் பண்ணாத பெரிமா. இன்னும் சில பேர் இருக்காங்க, முறை வர்றதுக்கு முன்னாடியே பெட்டியில டிக் போட்டு வெச்சிடுவாங்க. முறை வந்த அதே நொடி ஆட்டம் போயிடும். அப்படிப் போனா அவன் அங்க யோசிக்கவே இல்லைன்னு அர்த்தம். பதில் முன்னாடியே ரெடி.

பெரிமா: அத்த ஞாபகம் வெச்சிக்கிறேன். இப்ப துட்டு கணக்குக்கு வா. கடைசி சுத்துல நடுவுல 140 ரூபா கீது. எதிராளி 20 கட்டிட்டான், 160 ஆச்சா? நீ 20 போட்டு அத்த பாக்கணும். ஒம்போது வாட்டி போட்டு ஒரே வாட்டி ஜெயிச்சாலும் உன் கைய கடிக்காது. செரியா?

தம்பி: (வாயைப் பிளந்து) பெரிமா, இதை நான் ஒரு வருஷம் கழிச்சுத்தான் கத்துக்கிட்டேன்.

பெரிமா: கூடைக்கு எட்டு ரூவா லாபத்துல பொயப்பு ஓட்டறவ நானு. கேளு. உன் செகண்டு சாஸ்திரம் பலிச்சா 20 ரூவா மிச்சம். பலிக்காத போயி நல்ல கைய கீழ போட்டேன்னா 160 அம்பேல். இதுக்கா ஒரு நோட்டு?

தம்பி: சின்னச் சின்ன மிச்சம் சேர்ந்தா பெருசாகும்.

பெரிமா: ஆட்டத்துக்கு ஆட்டம் ஆப்புக்காரன் கமிஷன் புட்சானே, அது?

தம்பி: அது கம்மிதான். ஆனா 2023 அக்டோபர்லேர்ந்து உள்ள கட்டுற பணத்துக்கு 28 பர்சன்ட் ஜிஎஸ்டி போட்டாங்க. ஜெயிச்சா 30 பர்சன்ட் வருமான வரி பிடிச்சாங்க. தமிழ்நாட்டுல ராத்திரி 12 மணிலேர்ந்து காலை 5 மணி வரைக்கும் ஆடவே விடலை.

பெரிமா: அந்த நேரத்துலதான் நாங்க ஏலம் வுட்டுக்கினு இருந்தோம். வந்து கூடை தூக்கியிருக்கலாம்.

தம்பி: இது திறமை ஆட்டம் பெரிமா! தமிழ்நாடு அரசு ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம்னு பட்டியல்ல சேர்த்தாங்க. 2023 நவம்பர்ல ஐகோர்ட் அந்தப் பட்டியலை மட்டும் தூக்கிடுச்சு. பாரிமுனையில போய்க் கேட்டுப் பாரு.

பெரிமா: கோர்ட்டு ஆட்டத்துக்குத் திறமை கீதுன்னு சொல்லிச்சி. உனக்குக் கீதுன்னு எங்கடா சொல்லிச்சி?

தம்பி: உனக்கு விஞ்ஞானம் புரியாது. கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல 2015ல செஃபியஸ்னு ஒரு புரோகிராம் வந்துச்சு. 4,800 பிராசசர், 68 நாள், தனக்குத்தானே ஆடி ஆடி, ரெண்டு பேர் ஆடுற லிமிட் ஆட்டத்தைக் கிட்டத்தட்ட முழுசா தீர்த்துடுச்சு. நீ ஆயுசுக்கும் ஆடினாலும் அதுக்கு மேல ஆட முடியாது.

பெரிமா: நம்ம தடைக்காலமே 61 நாளு. அதவுட ஒரு வாரம் ஜாஸ்தி குந்திக்கினு கீது. செரி, அது எதிராளி எத்தினி செகண்டு எட்த்தான்னு பாத்துச்சா?

தம்பி: ...

பெரிமா: நாலு செகண்டு ஆச்சு.

தம்பி: பார்க்கலை. சீட்டு, பந்தயம், அவ்ளோதான் அதுக்குத் தெரியும்.

பெரிமா: செரி, உன் எதுருல ஆடினதுலயும் பாதி அந்த மாரி மிஷினா இருந்தா?

தம்பி: மிஷின் ஒரே வேகத்துல ஆடும், கண்டுபிடிச்சிடலாம். ஆனா மனுஷன் மாதிரி தெரியணும்னு வேணும்னே லேட் பண்ற மிஷினும் இருக்கு.

பெரிமா: அதுக்கும் நோட்டுல பக்கம் கீதா?

தம்பி: ‘நிதானமானவர், அனுபவசாலி’ன்னு ஒரு பக்கம் இருக்கு. அதுவா இருக்கலாம்.

பெரிமா: வௌங்கிச்சி. இப்ப இந்தச் சங்கரா கூடைக்கு வருவோம். நான் ஆயிரத்து எரநூறுன்னு கூவினேன். சிந்தாரிப்பேட்ட ஆளு கம்முனு நின்னான். நீ ஏண்டா ஆயிரத்து ஐநூறுன்னு பூந்த?

தம்பி: அவன் இழுத்தான் பெரிமா. இழுத்துட்டு ஏத்தப் போறான், பெரிய கைன்னு தெரிஞ்சுது. முந்திக்கிட்டேன்.

பெரிமா: அவன் காதுல போனு. வூட்டுல பொண்டாட்டி இன்னா மீனு வோணும்னு சொல்லிக்கினு இருந்திச்சி. அந்தம்மா கேட்டது நெத்திலி.

தம்பி: அது வெளியில தெரியலையே.

பெரிமா: அவன் கையி பாக்கெட்டு பக்கமே போல. ஏலத்துல நான் வாயப் பாக்கறதில்ல, கையப் பாப்பேன். நீ எத்தப் பாத்த?

தம்பி: வாட்ச்சை.

பெரிமா: ஆங். அது கெடக்கட்டும். தடைக்காலத்துல ஒரு மாசத்துக்குன்னு என் கம்மல வாங்கிக்கினு போனியே, அடமானத்துலேர்ந்து மீட்டுட்டியா?

தம்பி: மீட்டுட்டேன்.

பெரிமா: நான் கேட்டு முடிக்கவே இல்ல. டிக்கு போட்டு வெச்சிருந்தியாடா?

தம்பி: பெரிமா...

பெரிமா: இப்ப இழுக்கற. இதுக்கு இன்னா அர்த்தம், நோட்டப் பாத்துச் சொல்லு.

தம்பி: நெட் ஸ்லோன்னு வெச்சுக்கோயேன்.

பெரிமா: எய்ந்திரு. சேட்டு கடை தொறக்க பத்து மணி ஆவும். அதுக்குள்ள இந்தக் கூடைய கல்மண்டபம் மார்க்கெட்டாண்ட எட்த்துக்கினு போயி ஆயிரத்து எரநூறுக்காவது தள்ளிட்டு வா. அந்த நோட்ட இங்கியே வெச்சிட்டுப் போ, மீனு மடிக்கப் பேப்பர் இல்ல.