போடிமெட்டு வளைவும் வாரண்டிக் காகிதமும்

கேள்வி: புது பிக்கப் எடுக்கிறேன். கூடுதல் பணம் கட்டினால் வாரண்டியை நீட்டித் தருவார்களாம். கட்டலாமா?
– ஏலக்காய் வியாபாரி, பூப்பாறை

பதில்: வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்கும் கோவைக்கும் சமதளத்தில் ஓடும் வண்டி என்றால் யோசிக்க நேரம் உண்டு. நீங்களோ போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிறவர். அங்கே முதலில் கைவிடுவது கிளட்ச் பிளேட். அப்புறம் பிரேக் லைனிங், டயர். மூன்றும் தேய்மானச் சாமான்கள். எத்தனை வருஷம் நீட்டினாலும் வாரண்டி பொதுவாக இவற்றைத் தொடாது.

என்ஜின், கியர்பாக்ஸ் போனால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு. அதற்கும் கம்பெனி சர்வீஸில் காலாகாலத்தில் ஆயில் மாற்றிய பில் வேண்டும். உள்ளூர் மெக்கானிக் சேட்டன் வேலையை நன்றாகத்தான் செய்வார், பில்தான் தரமாட்டார்! ஏலக்காய் மூட்டை லேசு, சரி. திரும்பும்போது தேனியில் சிமெண்ட் அடுக்குவீர்களே, அந்த ஓவர்லோடு தெரிந்தால் கிளெய்ம் அம்பேல்.

நாலைந்து வருஷம் அதே வண்டி, கம்பெனி சர்வீஸ் என்றால் கட்டுங்கள். டெலிவரி அன்றே கட்ட வேண்டுமென்பதில்லை. முதல் வாரண்டி முடிவதற்குள் கட்டவும் பல கம்பெனிகள் விடுகின்றன. ஷோரூமில் டீ கொடுத்தால் 'எதற்கெல்லாம் கிடைக்காது' என்ற பக்கத்தைக் கேளுங்கள். டீ ஆறிவிடும், அவ்வளவு நீளம்.