காதோடு போகும் திருட்டு

கேள்வி: கம்பெனி ரகசியத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பங்குச் சந்தையில் கோடிகளை அள்ளுகிறவர்கள் ஏன் எளிதில் மாட்டுவதில்லை?

பதில்: பிக்பாக்கெட்காரன் கையில் பர்ஸாவது இருக்கும். இங்கே திருட்டுப் பொருளே காதில் ஓதிய ஒரு சேதிதான்! பங்கு வாங்குவது குற்றமில்லை. எதைத் தெரிந்துகொண்டு வாங்கினார் என்பதை நிரூபிக்க வேண்டும். 'என் சொந்தக் கணிப்பு' என்பார், அதை உடைக்க வருடக்கணக்காகும். கொழும்பில் பிறந்த முதலீட்டு நிறுவன அதிபர் ராஜ் ராஜரத்தினம் இதே குற்றத்துக்காக அமெரிக்காவில் சிக்கியதற்கு முக்கியக் காரணம், அவர் போனையே ஒட்டுக்கேட்டதுதான். போதை மருந்துக் கும்பல்களைப் பிடிக்கும் அதே முறை! 2011-இல் 11 ஆண்டு சிறைத் தண்டனை. நம் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியால் யார் யாரோடு பேசினார் என்ற பட்டியலை வாங்க முடியும்; என்ன பேசினார் என்பதைக் கேட்க முடியாது. கடும் நிபந்தனைகளோடு அந்த அதிகாரத்தையும் கொடுங்கள். ஏனென்றால், பறிபோவது சிறு முதலீட்டாளரின் சேமிப்பு.