காதுமெத்தைக்காரர்

இந்த ஆசாமியைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம். வாரிய முடியில் உச்சிக்குக் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். யாரையாவது புதிதாக அறிமுகப்படுத்தினால் முகத்தைப் பார்க்க மாட்டார். தலையின் அகலத்தையும், காது எவ்வளவு தூரம் துருத்திக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்ப்பார். "உங்களுக்கு என்ன சார் கவலை, ஒட்டின காது!" என்று மனதாரப் பாராட்டுவார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பையனிடம் இதைச் சொல்லிவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

பாட்டுக் கேட்கத்தான் ஹெட்ஃபோன் வாங்கினார். வீட்டில் பாதி விலை சொல்லி, மீதிப் பாதியை கிரெடிட் கார்டில் மறைத்து, நியாயமான ரசிகராகத்தான் ஆரம்பித்தார். முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கவும் செய்தார். இரண்டாவது வாரம், "எல்லாம் பிரமாதம், ஆனா வலது காதுக்குக் கீழே லேசா ஒரு அழுத்தம்" என்றார். அன்றோடு பாட்டு போயிற்று.

அழுத்தம் என்பது பொய்யல்ல. சென்ஹைசர் எச்.டி. 600 வந்தது 1997-இல். இன்றும் கடையில் கிடைக்கிறது. ஒலிக்காக அதைக் கொண்டாடாதவர் இல்லை. புதிதாகப் பிரித்த பெட்டி என்றால் தலையை நெருக்கும் என்பதையும் மறுப்பவர் இல்லை. இதற்கு இரண்டு வைத்தியம். பயந்தவர்கள் புத்தகங்களை அடுக்கி, ஹெட்ஃபோனை அதன்மேல் மாட்டி, ராத்திரி முழுக்க விரித்து வைப்பார்கள். ஆசாமி தன் அப்பா விட்டுப்போன கம்பராமாயண உரையை எடுத்தார். சுந்தர காண்டம் பற்றவில்லை. யுத்த காண்டத்துக்குப் போனார். தைரியசாலிகளுக்கு வேறு வழி: இரண்டு பக்கக் கிண்ணங்களையும் கீழே இழுத்தால் பட்டைக்குள்ளிருந்து உலோகத் தகடு வெளியே தெரியும். அதைப் பிடித்து வெளிப்பக்கமாக லேசாக வளைக்க வேண்டும். 'லேசாக' என்பதுதான் மந்திரம். ஆசாமியின் வாய்க்கு அந்த மந்திரம் தெரியும், கைக்குத் தெரியாது.

வளைத்த பிறகு நெருக்கம் போய்விட்டது. போன நெருக்கம் உச்சந்தலையில் வந்து உட்கார்ந்தது. பக்கவாட்டில் பிடிக்கும் பிடியும் ஹெட்ஃபோனின் எடையில் ஒரு பங்கைத் தாங்குகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பிடியைத் தளர்த்தினால் பாரம் முழுக்க உச்சிக்கு. உச்சியைக் காப்பாற்றப் பிடியை இறுக்கினால் தாடைக்கு. நடுவில் எங்கோ ஒரு சமரசப் புள்ளி இருக்கிறதாம். அதைத் தேடி அவர் தகட்டை உள்ளேயும் வெளியேயும் வளைத்துக்கொண்டே இருக்கிறார். தகடு இன்னும் முறியாமல் இருப்பதற்கு ஜெர்மானியர்களைத்தான் பாராட்ட வேண்டும்.

இந்த நிலையில் புத்திசாலி ஒருவர் எடை குறைந்த ஹெட்ஃபோனாகப் பார்த்து மாற்றியிருப்பார். ஆசாமி பிளேனார் வாங்கினார். உள்ளங்கை அகல மெல்லிய படலம், அதை அசைக்க வரிசை வரிசையாகக் காந்தங்கள். ஒலி சுத்தமாக வரும். காந்தத்தின் எடையும் சுத்தமாக வரும். ஆடெஸி எல்.சி.டி.-4 சுமார் 700 கிராம். வெங்காயம் நிறுக்கும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்து, எதிர்பார்த்ததைவிடச் சில கிராம் குறைவாக வந்ததும் அவர் அடைந்த ஆனந்தத்தைப் பார்த்த மனைவி, "இன்னும் கொஞ்சம் கொசுறு கேட்டிருக்கலாமே" என்றார்.

ஊரிலிருந்து வந்திருந்த அத்தை கொஞ்ச நேரம் அவரையே கவனித்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்டா, சும்மாடு கூட வைக்காம இதைச் சுமக்கிற?"

அத்தை சொன்னது அசல் பொறியியல். உச்சியில் ஒரே இடத்தில் குத்தும் பாரத்தைப் பரப்பிவிட வேண்டும். சும்மாடு செய்வதும் அதைத்தான். இப்போது பல கம்பெனிகள் வளைவுக்குக் கீழே தொங்கவிடும் அகலத் தோல்பட்டை செய்வதும் அதைத்தான். இது புரியாமல் போனவர்களும் உண்டு. ஏ.கே.ஜி. கே 701 என்றொரு அருமையான ஹெட்ஃபோன். அதன் தோல்பட்டையின் அடியில், தலையில் படுகிற இடத்தில், வரிசையாகக் குமிழ்கள் வைத்திருந்தார்கள். வாங்கியவர்கள் ஸ்பாஞ்சையும் துணியையும் வைத்து இடைவெளிகளை நிரப்பினார்கள். பின்னால் வந்த கே 712-இல் குமிழ்களைக் காணோம். அத்தை ஒரு பழைய துண்டை முறுக்கி, சுற்றி, தலையில் வைத்துவிட்டாள். வலி நின்றது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள ஆசாமிக்கு மனம் வரவில்லை. "அட்ஜஸ்ட் பண்ண முடியாது அத்தை" என்று சொல்லிவிட்டு ஜெர்மனியிலிருந்து பட்டை வரவழைத்தார்.

இந்த அவஸ்தைக்கு ஒரு பரம்பரை இருக்கிறது என்பதில் அவருக்குப் பெருமை. 1910-இல் அமெரிக்காவின் யூட்டாவில் நதானியேல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்ஃபோன் செய்து கடற்படைக்கு விற்றாரே, அந்தத் தலைப்பட்டையே தோல் சுற்றிய கம்பிதான். "அந்தக் காலத்துலயே தோல் சுத்தியிருக்கான்யா, எனக்கு ரெக்ஸின் வெச்சுக் குடுத்திருக்கான்" என்று கண் கலங்குவார். 1968-இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 414-க்கு மஞ்சள் ஸ்பாஞ்சு மெத்தை. அந்த ஸ்பாஞ்சை வாங்கி, நடுவில் காசளவு வட்டம் வெட்டி, புரூக்ளினில் செய்யும் கிராடோவுக்கு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த மெத்தை எதற்குப் பொருந்தும் என்று ஜாதகம் பார்க்கும் இந்த வித்தையில் ஆசாமி கைதேர்ந்தவர். 1989-இல் ஏ.கே.ஜி. வெளியிட்ட கே 1000 காதையே தொடாது. நெற்றிப்பொட்டில் உட்கார்ந்து, ஒலிபெருக்கிகளைக் காதுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தழையும்.

சென்னையில் இருப்பதால் அவருக்கென்று தனியாகச் சில துன்பங்கள். செயற்கைத் தோல் நம் ஊர் புழுக்கத்தில் நாளாவட்டத்தில் உரியும். அலுவலகத்தில் காதோரம் கறுப்புக் கறுப்பாகத் துகள் ஒட்டிக்கொண்டு நிற்பார். வெல்வெட் மெத்தை உரியாது. ஆனால் தேங்காயெண்ணெயை அது விடாது. பின்பக்கம் திறந்த ஓப்பன் பேக் வகை என்றால் மின்விசிறிச் சத்தம் உள்ளே வந்துவிடும். ஆகவே கத்திரி வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, 'கம்ஃபர்ட்' சோதனை செய்வார்.

கடைசியில் உள்ளூரிலேயே தைத்துவிடுவது என்று முடிவெடுத்து ஜி.பி. ரோட்டில் கார் சீட் கவர் தைக்கும் பாயிடம் போனார்.

"ஆட்டுத்தோல்ல வேணும் பாய். உள்வட்டம் 60 மில்லிமீட்டர். பின்பக்கம் உயரம் கூட, முன்பக்கம் கொறச்சல்."

பாய் மெத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வண்டி என்ன மாடல் சார்?"

விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. பாய் வேலைக்காரர். தையல் நூல் பிடித்த கோடாக வந்திருந்தது. இரட்டைத் தையல் வேறு. போதாக்குறைக்கு, சொல்லாமலே ஒரு உபகாரமும் செய்திருந்தார்: "காது வேர்க்கும்னு சொன்னீங்களே, அதான் சுத்தி சின்னச் சின்ன ஓட்டை போட்டுட்டேன். ஏ.சி. சீட்டுக்குப் போடறதுதான்." காது வேர்க்கவில்லை. பேஸ் முழுவதும் அந்த ஓட்டைகள் வழியாக வெளியேறிவிட்டது.

மெத்தை விஷயத்தில் உள்ள சூது இதுதான். அது தலையணை மட்டுமல்ல, ஒலியின் பாதி. மெத்தை தடித்தால் ஒலி எழுப்பும் டிரைவர் காதிலிருந்து விலகும், தட்டையானால் நெருங்கும். தோலுக்கு ஒரு குணம், வெல்வெட்டுக்கு ஒரு குணம். மூடிய வகை ஹெட்ஃபோனில் மயிரிழை இடைவெளி விட்டாலும் தாழ்ந்த சுருதி கசிந்துவிடும். ஆக, சுகத்துக்காக மெத்தையை மாற்றினால் ஒலி மாறும். ஒலியைச் சரிசெய்ய ஈக்வலைசர். அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் மெத்தை அமுங்கி மறுபடி மாறியிருக்கும்.

மூக்குக் கண்ணாடியின் காம்பும் அந்த இடைவெளிக்குக் காரணம் என்று தெரிந்தபோது ஆசாமி ஹெட்ஃபோனோடு கண்ணாடிக் கடைக்குப் போனார். ஒவ்வொரு ஃபிரேமாக மாட்டி, அதன்மேல் ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணை மூடித் தலையாட்டினார். மெல்லிசான டைட்டேனியம் காம்பு ஒன்று தேறியது. "கண்ணைத் திறந்து ஒரு தடவை எழுத்தைப் பாருங்க சார்" என்று கடைக்காரப் பெண் கெஞ்சவேண்டியிருந்தது.

பாட்டா? கேட்கிறாரே. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-இல் வந்த ஆல்பம். ஆசாமிக்கு அதன் முதல் நிமிடம் தலைகீழ்ப் பாடம். இரண்டாவது நிமிடத்தில் என்ன வருகிறது என்பது வீட்டில் மற்றவர்களுக்குத்தான் தெரியும். அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஹெட்ஃபோன் சுகமாக இருக்கிறது என்பதற்கு ஒரே அத்தாட்சி, அது தலையில் இருப்பதே மறந்துபோவது. மறந்துவிட்டதா, மறந்துவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்க்கிறவருக்கு அது எப்படி மறக்கும்?

போன மாதம் அந்த பிளேனாரை விற்றுவிடுவது என்று ஒருவழியாகத் தீர்மானித்தார். வீட்டில் பாயசம் வைத்தார்கள். வாங்க வந்தவன் வேளச்சேரிப் பையன், ஒடுங்கின முகம். பெட்டியைத் திறந்து, ஆட்டுத்தோல் மெத்தையைத் தடவிப் பார்த்து, மரியாதையாக மாட்டிக்கொண்டான். அது காதைத் தாண்டி வழுக்கிக் கழுத்துக்கு வந்து நின்றது.

"சார், எனக்கு லூசா இருக்கே."

மனைவி கைநீட்டிப் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஜாடை காட்டினார். ஆசாமி அதைக் கவனிக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பையனை விளக்குக்கு நேராக உட்காரவைத்து, அலமாரியிலிருந்து தையல் டேப்பை எடுத்தார்.

"அதுக்கென்ன தம்பி, சரி பண்ணிடலாம். அந்தக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் கழட்டுங்க."